ஒட்டிக்கொண்ட பெயர்

ஆனையூரில் டயர் கடை வைத்திருக்கும் சோலை ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால், அது ஆயுசுக்கும் போகாது. அருள்பாண்டிக்கு அவர் வைத்த பெயர் 'அரைவேக்காடு'. பெண் வீட்டார் வந்து வழி கேட்டபோது, "அட, அரைவேக்காடு வீடா?" என்று தெருவே கைகாட்ட, வந்தவர்கள் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அருள்பாண்டி நேராக சோலையின் மனைவி முத்துத்தாயிடம் போனான்.

"அக்கா, அண்ணனுக்கு நாங்களும் என்னென்னமோ பேரு வச்சுப் பாத்துட்டோம். ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நீங்களாச்சும் ஒண்ணு சொல்லுங்கக்கா."

"கட்டுன புருசனுக்கு நான் பட்டப்பேரு வைக்கவாடா? ஓடிப்போயிரு!" என்று விளக்குமாற்றைத் தூக்கினாள் முத்துத்தாய்.

மறுநாள் காலை, டீக்கடையில் மீசையை முறுக்கியபடி சோலை யாருக்கோ புதுப்பெயர் யோசித்துக்கொண்டிருந்தார். கடை நிறையக் கூட்டம். எதிரே அவர் வீட்டு வாசலிலிருந்து முத்துத்தாயின் குரல் கணீரென்று வந்தது.

"அம்முக்குட்டி! இட்லி ஆறுது, வாங்க!"

மொத்தக் கடையும் சோலையைத் திரும்பிப் பார்த்தது.

"வாரேன்னு சொல்லுங்க, அம்முக்குட்டிண்ணே!" என்றான் அருள்பாண்டி.

சோலை வீட்டுக்குள் பாய்ந்தார். "ஏண்டி, ரூமுக்குள்ள கூப்பிடுற பேரை ரோட்டுல வச்சா கூப்பிடுவ? இனி நான் எப்படித் தெருவுல தலைகாட்டுறது?"

"அதெல்லாம் காட்டலாம்," என்றாள் முத்துத்தாய், தட்டில் இட்லியை வைத்தபடி. "கல்யாணமான மறுவாரமே நீங்க வச்ச 'ஓட்டை ஸ்பீக்கர்'ங்கிற பேரோட நான் இம்புட்டு வருசமா தலைகாட்டல?"