கேள்விக்கு மட்டும் பதில்

"டிரைவர் தூங்கிட்டாரா, இல்லையா? கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

"தூங்கல."

"போச்சு! கேஸே போச்சு!" சீனியர் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனை தடவைம்மா சொல்றது? நான் இப்போ இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல்னு வெச்சுக்கோ. நாளைக்கு அவங்க இப்படித்தான் கேப்பாங்க. 'தூங்கிட்டார்'னு ஒரே வார்த்தை. சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெண் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே அவளுக்கு அசைவது வலது கை ஒன்றுதான். கார் பாலத்துச் சுவரில் மோதியதில் முதுகுத்தண்டு போய்விட்டது. இனி ஆயுசுக்கும் யாராவது புரட்டிப் போட்டால்தான் அவள் புரளலாம். அதற்கு ஆள் வைக்கவும் மருந்துக்கும் நாளைய வழக்கை விட்டால் வேறு கதியில்லை.

"அவர் தூங்கல. ஒரு குழந்தை பந்தை எடுக்கக் குறுக்கே ஓடி வந்துச்சு. அதைக் காப்பாத்தத்தான் வண்டியை ஒடிச்சுத் திருப்பினார். நான் பக்கத்து சீட்லதானே இருந்தேன்?"

"குழந்தையே வரல."

"வந்துச்சு!"

"வந்துச்சுன்னு சொன்னா டிரைவர் மேல தப்பில்லைன்னு ஆகும். தப்பில்லைன்னா உனக்குச் சல்லிக்காசு கிடைக்காது. சட்டம் அப்படி இருக்கும்மா. யார் தலையிலயாவது தப்பைக் கட்டினாத்தான் அடிபட்டவங்களுக்கு மருந்து."

ஜன்னலோரம் நின்ற ஜூனியர் வக்கீல் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இவரிடம் தொழில் கற்க அவள் வந்ததே, சாட்சிக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்காத வக்கீல் என்று கோர்ட் முழுக்கப் பேசியதால்தான். விபத்து வழக்கு என்றால் ஃபீஸ் கேட்கக் கூச்சப்படும், பிழைக்கத் தெரியாத மனுஷர். "இந்தக் கேஸ்ல நான் ஆஜராக முடியாது. நீதான் நடத்தணும்" என்று கேஸ் கட்டை அவர்தான் அவளிடம் நீட்டியிருந்தார்.

"சார், நீங்களா இப்படிச் சொல்லிக்கொடுக்கறீங்க? நீங்க எழுதின சட்டத் திருத்தம்..."

"அந்தக் குப்பையைப் பத்திப் பேசாதே!"

குப்பை என்று அவர் சொன்னது தன் பாதி ஆயுளை. தப்பு யாருடையதாக இருந்தால் என்ன, யாருடையதுமே இல்லாவிட்டால்தான் என்ன, அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைத்தாக வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதி வைத்துக்கொண்டு, அவர் ஏறாத மந்திரி வீட்டுப் படி இல்லை. எல்லாரும் டீ கொடுத்தார்கள். "நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார். திருத்தம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. அந்தச் சட்டம் மட்டும் வந்திருந்தால் இந்த அறையில் இன்று யாரும் பொய் சொல்லிப் பழக வேண்டியதில்லை. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல!

"நீங்க..." என்று ஆரம்பித்தாள் கட்டிலில் கிடந்தவள்.

"நீங்களும் கிடையாது, நானும் கிடையாது. கேள்விக்கு மட்டும் பதில். டிரைவர் தூங்கினாரா?"

"அப்படிச் சொன்னா அவர் ஜெயிலுக்குப் போவாரே?"

"போகட்டும்."

"ஊரே காறித் துப்புமே?"

"துப்பட்டும். துடைச்சுக்கட்டும். உன் முதுகு புண்ணாகாம இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

"அவர் திருப்பலைன்னா அந்தக் குழந்தை செத்திருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்." அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். டம்ளரை எடுத்து அவள் உதட்டில் வைத்து இரண்டு மடக்குத் தண்ணீர் புகட்டினார். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

"யாராவது சொல்லிக்கொடுத்தாங்களான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லு. டிரைவர் மேல பாவப்படாதே. முக்கியமா, அழாதே. அழுதா பொய்னு கண்டுபிடிச்சுடுவாங்க. நானும் கோர்ட்ல ஒரு ஓரமா உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பவே கூடாது. எங்கே, சொல்லு பார்ப்போம்."

அவள் ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"தூங்கிட்டார்" என்றாள்.

"சபாஷ்!" என்றவர் விறுவிறுவென்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அவளைக் குடைந்து எடுத்துவிட்டார். சக்கர நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டியிருந்த அந்தப் பெண் ஒரு வார்த்தை பிசகவில்லை. குழந்தை எதுவும் வரவில்லை. டிரைவர் தூங்கிவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜூனியர் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"பதிவுக்காக ஒரு கேள்விம்மா" என்றார் நீதிபதி. "வண்டி ஓட்டினவர் இங்கே இருக்காரா? இருந்தா காட்டுங்க."

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர்கள் பழகியிருக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தாரோ, அந்தப் பக்கம் அவள் திரும்பினாள். அசையும் அந்த ஒரு கை மெல்ல எழுந்து, எதிர்மனுதாரர் பெஞ்சைக் காட்டியது.

"அதோ... எங்கப்பா" என்றாள், அழாமல்.

பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற சீனியர் வக்கீல், "ஆமாங்கய்யா, தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எல்லார் எதிரிலும் விம்மி விம்மி அழுதார்.