கூட நடக்க ஓர் ஆள்

அன்றைக்கும் தங்கப்பன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

சுவாமிதாஸ் நின்றால் அவனும் நின்றான். நடந்தால் நடந்தான். நடுவில் ஐம்பதடி தூரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான். மழைத்தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்பதில் தொடங்கிப் பஞ்சாயத்து வரைக்கும் போன சண்டை. எட்டு வருஷமாக இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை.

"நான் மூச்சு வாங்குறதைப் பாத்து ரசிக்க வாறான்" என்று முணுமுணுத்தபடி சுவாமிதாஸ் நடையை எட்டிப்போட்டார்.

நடந்தே ஆக வேண்டிய நிலைமை அவருக்கு. டிரான்ஸ்போர்ட் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். பென்ஷன் வாங்கிய மறு வருஷமே, அதாவது தொண்ணூற்றாறில், நெஞ்சுவலி வந்துவிட்டது. திருவனந்தபுரத்து டாக்டர் கறாராகச் சொன்னார்.

"ஆபரேஷன் செய்தாகணும். ஆனா இந்த உடம்புல கத்தி வைக்க முடியாது. டிசம்பருக்குள்ள பத்து கிலோ குறைக்கணும். தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கணும். தனியா நடக்கக் கூடாது, கூட ஓர் ஆள் கட்டாயம் வேணும்."

ஆளுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் கனகதாஸ் எழுந்து நின்றார்.

"நம்ம தாஸண்ணனை நாம தனியா விடுவோமா? கிழமைக்கு ஒருத்தர் கூட நடப்போம்."

ஏழு பேர் கை தூக்கினார்கள். கிழமைவாரியாகப் பெயர் எழுதி, ஆலய வாசலில் ஒட்டியும் வைத்தார்கள். சுவாமிதாஸின் மனைவி ராஜபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

முதல் வாரம் ஏழு பேரும் வந்தார்கள். கனகதாஸ் ஜெபம் செய்து நடையைத் தொடங்கிவைத்தார். இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் வாரம் ஒருவருக்கு முட்டுவலி, ஒருவர் வீட்டில் விருந்தாளி, மற்றவர்களுக்குத் தூக்கம். மாதம் முடியுமுன் கனகதாஸும் நின்றுவிட்டார். ஆனால் ஆலயத்தில் எழுந்து, "தாஸண்ணன் கூட நாங்க நடக்கியதுனாலயாக்கும் அவருக்கு சொகம்" என்று சாட்சி சொல்வது மட்டும் நிற்கவில்லை.

சுவாமிதாஸ் இதை ராஜபாயிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் தனியே அனுப்பமாட்டாள். நடக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் அடுத்த ஈஸ்டருக்கு இருப்போமா என்பதே சந்தேகம். அதனால் காலை ஐந்தரை மணிக்கு, "கனகதாஸ் ரோட்டுல நிக்கான்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்குவார்.

அப்படித் தனியே இறங்கிய மறுநாளிலிருந்துதான் தங்கப்பன் பின்னால் வரத் தொடங்கினான்.

அவனோ ரப்பர் மரம் கீறும் வெட்டுக்காரன். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். விடியும் நேரம்தான் அவனுக்குச் சோறு போடும் நேரம். அந்த நேரத்தில் மரத்தை விட்டுவிட்டு வருகிறான் என்றால் மனசுக்குள் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும்!

அந்த வன்மமும் சுவாமிதாஸுக்கு உதவத்தான் செய்தது. கால் கெஞ்சும்போது, இவன் முன்னால் உட்காரக் கூடாது என்று நடந்தார். அமரவிளை செக்போஸ்ட் பக்கத்துச் சாயாக்கடையில் எண்ணெயில் வேகும் வாழைப்பழப் பழம்பொரி மணக்கும்போது, இவன் பார்க்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிசம்பர் பிறந்தபோது பதினொரு கிலோ குறைந்திருந்தது.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். போனால் திரும்பி வருவோமோ என்னவோ, இன்றைக்குக் கேட்டுவிடுவோம் என்று நடுவழியில் நின்று திரும்பினார். தங்கப்பனும் நின்றான்.

"எலே, இங்க வா."

வந்தான். கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன.

"வெட்டு நேரத்துல மரத்தைப் போட்டுட்டு எதுக்குலே என் பின்னால வாறே?"

"மரத்தைப் போடல்லண்ணே. ரெண்டு மணிக்கே தலையில லைட்டு கெட்டிட்டு எறங்கி, வெட்டி முடிச்சிட்டுத்தான் வாறேன்."

"ஆறு மாசமாட்டா?"

"ஆமா."

சுவாமிதாஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஒறக்கத்தையும் கெடுத்துட்டு அப்பிடி என்ன பாக்க வாறே? நான் விழுறதைப் பாக்கவா?"

தங்கப்பன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "ஆமாண்ணே" என்றான்.

சுவாமிதாஸ் ஓர் அடி முன்னால் வந்தார்.

"மொத நாள் நீங்க தனியா போறதைக் கண்டு, ராஜபாய் மைனிகிட்டப் போய்ச் சொன்னேன். 'தடுத்தா நிக்கமாட்டாரு, நின்னாலும் ஆபத்தாக்கும்'னு அழுதாவ" என்றபடி அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே நெஞ்சுவலிக்கான சின்ன மாத்திரை ஒன்று.

"நீங்க விழுந்தா, ஓடி வந்து இதை நாக்குக்கு அடியில வைக்கணும்னு மைனிதான் சொல்லித் தந்தாவ."