கடுகளவு வெள்ளை

முட்டி வலிக்காக மரியதாஸுக்கு எடுத்த புது எக்ஸ்ரே படத்துக்கு உதறல் எடுத்தது. முட்டியில் ஒன்றுமில்லை; மேலே தொடையெலும்பில்தான் கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்து அந்த மனுஷன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"யாரும் கேட்காததைக் காட்டித் தொலைச்சிட்டேனே! இது என்னது?" என்றது படம், தன்னை மாட்டியிருந்த விளக்குப் பெட்டியிடம்.

"வெளிச்சம் போடுறதுதான் என் வேலை. என்னைக் கேட்டா?" என்றது பெட்டி.

டாக்டர் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுப் பீரோ மேலிருந்து ஒன்று வந்து, பக்கத்தில் தொங்கியது. அதே இடம், அதே கடுகு.

"ஒன்பது வருஷமா வளரவே இல்லை. பயப்படாதீங்க," என்றார் டாக்டர். மரியதாஸுக்கு உயிர் வந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? ஏன் காட்டலை?" என்றது புதுப் படம்.

"காட்டாமலா? கிரகணத்துக்குக் கிரகணம் என்னைத் தூக்கிப் பிடிச்சாங்க. எல்லாரும் சூரியனைத்தான் பார்த்தாங்க," என்றது பழைய படம்.