மூன்றாவது அமர்வு

ஆலையில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தபின், முதலாளியும் தொழிற்சங்கமும் ஒரு வருடமாகக் கோர்ட்டில் மட்டுமே பார்த்துக்கொண்டார்கள். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்க ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்தது. வாடகை மண்டபம், மூன்று அமர்வுகள், நடுவராக ஓய்வுபெற்ற தொழிலாளர் அதிகாரி மங்கையர்க்கரசி. முதல் இரண்டு அமர்வுகளிலும் வக்கீல்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். மூன்றாவதில் மங்கையர்க்கரசி எல்லோருடைய காகிதங்களையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சங்கத்தின் பக்கம் இருந்த பேச்சியம்மாள் முதலாளி தெய்வநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பின்கதவு பூட்டியிருந்ததால் வெளியேற முடியாமல் தீயில் இறந்த இருவரில் ஒருவன் அவள் கணவன்.

“மொதலாளி, அன்னைக்குப் பின்கதவ யாரு பூட்டச் சொன்னது?”

“ஐயா, கேஸ் நடக்குது. பதில் சொல்லாதீங்க” என்றார் அவர் பக்கத்தில் இருந்த ஆலை மேனேஜர்.

தெய்வநாயகம் அவரைக் கையமர்த்தினார்.

“நான்தாம்மா. நூல் களவு போகுதுன்னு பூட்டச் சொன்னேன்.”

சங்கச் செயலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பேச்சியம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“தானாப் பூட்டிட்டாருன்னு வாட்ச்மேன் இருளப்பண்ணன் ஜெயில்ல கெடக்காரு. இத ஜட்ஜுகிட்டயும் சொல்லுவீங்களா?”

மேனேஜர் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். தெய்வநாயகம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தனியாப் போனா எனக்கு வாய் வராது. நீயும் கூட வர்றியாம்மா?”

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு எழுந்து, செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள்.