ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் கன்னியம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வரவில்லை. தாம்பரத்தில் பஸ் பிடித்துக் கருவூலத்துக்குப் போனாள். குமாஸ்தா தோத்தாத்ரி, தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் அச்சடித்து அனுப்பிய நீளத் தாளைப் புரட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் சேட்டு, ஏரி வாட்ச்மேன்தானே? உயிரோட இருக்கேன்னு காட்டற இந்த வருஷ நேர்காணலுக்கு வந்து கைநாட்டு வெச்சிட்டுப் போயிருக்காரேம்மா."

"அவரு செத்து மூணு வருசமாச்சு சார். தாலியறுத்துகினு நிக்கிறேன் நானு."

"எனக்கென்னம்மா தெரியும்? கம்ப்யூட்டர்ல ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான். அவர் பேர் ஏறினா உங்க பேர் தானா இறங்கிடும்."

நேர்காணல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் ரேகையின் குறுக்கே வெட்டுத் தழும்பு. அவருடையதேதான். பக்கத்தில் புது விலாசம்: எல்லம்மா வீடு, பள்ளிக்கரணை. எல்லம்மா, அவர் வைத்துக்கொண்டிருந்தவள்.

கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்துத் திரும்பியும் அவ வூட்டுக்குத்தான் போயிருக்காரு."

பள்ளிக்கரணை வீட்டு வாசலில், கொடியில் ஒரு காக்கிச் சட்டை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லம்மா கதவைப் பாதி திறந்தாள்.

"இன்னாக்கா? அவரு துன்னுகினு கீறாரு."

"துன்னட்டும். நான் கூட்டிகினு போவ வரல. செத்துட்டேன்னு இந்தத் தாள்ல ஒரு கைநாட்டு வெச்சுக் குடுக்கச் சொல்லு. என் கஞ்சிக்கு அது போதும்."

எல்லம்மா தாளோடு உள்ளே போனாள். தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, கைநாட்டு விழாத அதே தாளோடு திரும்பி வந்தாள்.

"மாட்டாராம்க்கா. உனக்கோசரம் ஒரு தபா செத்தது போதுமாம்."