சிறந்த வாசகி

"அம்மா, இவ்வளவு படிச்சிருக்கீங்களே, உங்க மனசுல நின்ன புத்தகம் எது?"

மேடையில் நூலகத் துறை இயக்குநர் மைக்கை மாமியாரின் வாயருகே நீட்டினார்.

கீழே முதல் வரிசையில், கிளை நூலகரான மருமகள் நாற்காலி நுனிக்கு வந்தாள். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எல்லாம் தலைமையகம் செய்த வேலை. புத்தகம் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்பதுதான் கணக்கு, குறைந்த கிளையை மூடுவோம் என்றார்கள். இவள் கிளையிலோ நாற்காலி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அது கணக்கில் சேராதாம். வேறு வழி தெரியாமல் மாமியார் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை போட்டு, வாராவாரம் புத்தகங்களை அதில் ஏற்றித் தள்ளினாள்.

கம்ப்யூட்டர் மாமியாரையே தேடிப் பிடித்துப் பரிசுக்கு நிறுத்தும் என்று யார் கண்டது? நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். குட்டு உடைந்தால் கிளையும் போகும், வேலையும் போகும்.

மாமியார் தொண்டையைக் கனைத்தார்.

பேர் மறந்துவிட்டது, கதை மறக்கவில்லை என்று ஆரம்பித்தார்.

ஒரு வீட்டுக்குப் புதிதாக மருமகள் வருகிறாள். வந்த மறுநாளே கொதிக்கிற பாலைக் கையில் கொட்டிக்கொள்கிறாள். மாமியார்க்காரி கை வெந்ததைக் கேட்கவில்லை. பால் போச்சே என்று கத்துகிறாள். பிற்பாடு அந்தக் கிழவிக்குக் கண் மங்குகிறது. பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவுகிறார்கள். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துக்கொண்டு அலைந்தவள் அந்த மருமகள்தான்.

மாமியார் இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"தங்கமான பொண்ணு சார். அதை அவகிட்ட ஒரு நாளாவது சொல்ல அந்தக் கெழவிக்கு வாய் வரல. அவ்வளவுதான் கதை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பதாகச் சொன்னார். எல்லாக் கிளைகளுக்கும் வாங்கிப் போடும்படி மேடையிலேயே உத்தரவும் போட்டார்.

கைதட்டல் அடங்க நேரமானது. மருமகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள்.

இத்தனை வருஷமாகப் புடவைத் தலைப்பால் மூடியே வைத்திருந்த இடது கைத் தழும்பு, தட்டத் தட்ட எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.