மிளகளவு கொப்புளம்

பழைய காரின் திறந்திருக்கும் பின்கதவின் படியில், பெயின்ட்டுக்கு அடியில் மிளகளவு கொப்புளம். "இதை மட்டும் தேய்ச்சுப் பூசிடுங்கண்ணே, இப்படியே கிளம்பணும்" என்கிறாள் தாய். பட்டறை டிங்கர் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கிறார். பெயின்ட் போகிறது, பள்ளத்தை அடைத்திருந்த பட்டி மாவாக உதிர்கிறது, அதற்கும் கீழே தகரத்தைக் காணோம்; ஈரம் குடித்த அட்டை இருக்கிறது. "துருவை எடுக்காமலே மேல பூசி வித்திருக்காங்கம்மா." ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டுகிறார். சீட் பெல்ட்டின் அடிநுனி, அதைப் பிடித்திருந்த போல்ட்டோடு பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுகிறது. தாய் குனிந்து காருக்குள் பார்க்கிறாள். பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மகள், நெஞ்சின் குறுக்கே தொய்ந்த பட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

"நான் கழட்டலம்மா. நீ சொன்ன மாதிரி போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."